தனி கார்டுக்குப் பதினைந்தாயிரமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் நாடகம் போடுகிறவன் நான். ஏற்காட்டில் எடுத்த ஒரு படத்தில் கதாநாயகனின் தாய்மாமனாக மூன்று நாள் நடித்தேன்; ஆறு சீன், வசனமும் உண்டு. பதினைந்தாயிரம் கொடுத்தால் டைட்டிலில் என் பெயர் மட்டும் தனியாக வரும் தனி கார்டு வாங்கித் தருவதாக, கூட்டிப்போன ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். யாருக்குத் தனி கார்டு, யார் பெயர் முன்னால் என்பது தயாரிப்பாளரும் இயக்குநரும் முடிவு செய்வது. பட்டியல் உதவி இயக்குநரின் வாட்ஸ்அப்பிலிருந்து டைட்டில் செய்பவருக்குப் போகும். அந்த வழியில் உங்கள் ஏஜென்ட் எங்கே நிற்கிறார்? "மேனேஜர்கிட்ட பேசிட்டேன்" என்பார். படம் வந்தபிறகு போனை எடுக்கமாட்டார். இப்படி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெயர் வருவது உங்கள் உரிமை. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு அதைச் சொல்கிறது. தனி கார்டு, வரிசை, எழுத்தின் அளவு, போஸ்டர் எல்லாம் பேசி வாங்குபவை. அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். நாடக நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் போட்டோ அளவுக்காக ராஜபார்ட்டும் பபூனும் மல்லுக்கட்டுவது உங்களுக்குத் தெரியாததா!

ஒரு விலக்கு உண்டு. சும்மா வந்துபோன வேஷம், அதோடு துறை வழக்கப்படி எங்கும் பெயர் போடாத வேஷம் என்றால், அதில் நடித்தவரைச் சட்டம் கலைஞராகவே எண்ணாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பஸ்ஸில் ஏறியவர், சரி. டீ ஆற்றிக்கொண்டே "சர்க்கரை தூக்கலா?" என்று கேட்டவர்? அங்கேதான் வம்பு. உங்கள் ஆறு சீன் எடிட்டிங்கில் அரை சீனானால் இதையே சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். அப்படி வந்துபோனவருக்கும் ஒன்று மிச்சம்: தன் நடிப்பைப் பெயர் கெடும்படி திரித்தால் தடுக்கலாம்.

1935இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை ஏற்காடு சாலையில் தொடங்கிய ஊர் இது. அதே சாலையில் ஏறிப்போய் நடிப்பவருக்கு இன்றைக்கும் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் ஒரு வவுச்சரும் ரெவின்யூ ஸ்டாம்பும்தான். பெயரை எப்படி எழுதுவது என்று அதில் ஒரு வரி சேர்க்க இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: தயாரிப்பு நிறுவனத்துக்கே நேராக மெயில் போடுங்கள். வேஷம், நடித்த தேதிகள், பெயரின் சரியான எழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும், வவுச்சர் போட்டோ. இனிஷியலை மறக்காதீர்கள். தனி கார்டையும் கேட்டுவையுங்கள், காசா பணமா?

ஏஜென்ட் மறுபடி வந்தால், கார்டைத் திரையில் பார்த்தபிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.