மச்சான் கடை உரமும் கையில் நிற்காத சோயா லாபமும்

கேள்வி: இரண்டு ஏக்கரில் சோயா போடுகிறேன், ஏக்கருக்கு 550 கிலோ வாக்கில் கிடைக்கிறது. அடியுரம், மேலுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, பூக்கும்போது டானிக் தெளிப்பு என்று எல்லாமே உரக்கடை வைத்திருக்கும் மச்சானிடம் கடன்தான். ரொக்க விலைக்கு மேல் 15 சதவீதம் போடுவார். நான்கு மாதம் கழித்து அறுவடையானதும் சந்தை விலையில் 10 சதவீதம் குறைத்து சோயாவாகவே எடுத்துக்கொள்வார். போன தடவை 300 கிலோ போனது. கையில் ஒன்றும் நிற்கவில்லை. வெளியே கடன் வாங்கி உரத்தைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். விளைச்சல் கணக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த 300 கிலோவைப் பார்க்கலாம். அதே சரக்கை ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால், சோயாவைச் சந்தை விலையில் விற்று, சுமார் 235 கிலோவில் முடிந்திருக்கும். மீதி 65 கிலோ நான்கு மாதத் தவணைக்கு நீங்கள் கொடுத்த விலை. அதாவது நான்கு மாதத்துக்கு 28 சதவீத வட்டி, வருடக் கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது! சொந்தக்காரர் என்பதால் இதை நீங்கள் வட்டி என்றே நினைக்கவில்லை, கேட்டால் தங்கச்சி முகம் வாடுமே என்று பேசாமலும் இருந்துவிடுகிறீர்கள்.

சரி, அந்த 235 கிலோவுக்கு என்ன வாங்கினீர்கள்? உங்கள் பட்டியலைப் பிரித்தால், சோயா கிலோ கணக்கில் அடியுரம் 85, யூரியா 40, டானிக் 110. பெரிய தொகை டானிக்குக்குப் போயிருக்கிறது. எந்தச் சத்து குறைவாக இருக்கிறது என்று தெரியாமல் தெளிக்கும் பாட்டில்களுக்கு நான் ஆதரவு சொல்ல மாட்டேன், போத்தலில் எவ்வளவு புதிய பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. மழையை நம்பிய சிறு விவசாயிக்கு உரத்தில் போடும் ஒரு பங்கு குறைந்தது இரண்டு பங்காகத் திரும்ப வர வேண்டும். 110 கிலோ செலவுக்கு 220 கிலோ கூடுதல் விளைச்சல் கண்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

யூரியா விஷயம் இன்னும் வருத்தம். ஒரு மூட்டை 50 கிலோ என்றால் அதில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). வேர் முடிச்சு நன்றாக இருக்கும் சோயா தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மண்ணில் யூரியா கூடினால் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆக, செடி இலவசமாகச் செய்வதை நிறுத்தத்தான் கடன் வாங்குகிறீர்கள்.

அடியுரத்தைக் குறைக்காதீர்கள், அதில் வரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் முடிச்சும் குறையும். விதைக்கு சோயாவுக்கான ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர், பாக்கெட் சேருங்கள். மற்ற பயறுகளுக்கானது இதற்குப் பொருந்தாது. வெயிலில் வைத்த பாக்கெட்டும் வேண்டாம். பூஞ்சாண மருந்து போடுவதானால் அதை முன்பே போட்டு உலர்த்திவிட்டு, ரைசோபியத்தை விதைக்கும் அன்று கலந்து அன்றே விதைத்துவிடுங்கள். பூக்கும் சமயத்தில் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள், பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். கழுவி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, யூரியா வேண்டாம். முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்றால் அந்தத் தடவை மட்டும் யூரியா போடுங்கள்.

இதற்கு அடுத்த அறுவடையில் பழைய பாக்கியைத் தீர்த்த கையோடு, வீட்டுச் செலவுக்குத் தொடும் முன்பே, 130 கிலோ சோயா விற்ற பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அடியுரம் 85, யூரியா தேவைப்பட்டால் 40, மீதி பாக்கெட்டுக்கு. கணக்கு அவ்வளவுதான். மச்சானிடமே வாங்குங்கள், ஆனால் ரொக்கத்துக்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கை மட்டும். கேட்காமல் மூட்டை இறக்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். தங்கச்சியிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள், வேறு வாய் வழியாகப் போனால்தான் மனஸ்தாபம் வரும்.

அதற்கிடையில் மண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே வந்தால், அதாவது மண் புளித்திருந்தால், மறுபடி எழுதுங்கள், அப்போது முதல் செலவு உரம் இல்லை, சுண்ணாம்பு.