முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் மாட்ட, பழைய தஞ்சாவூர் படம் ஒன்று வாங்க ஆசை. காரைக்குடியில் ஒரு கடையில் வெண்ணெய்க் கிருஷ்ணன் படம் பார்த்துவைத்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார் கடைக்காரர். எதை வைத்து நம்புவது? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது?
- கோவை வாசகி

கடையில் படத்தின் முகத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கத்தைப் பழசாக்குவது பெரிய வித்தை இல்லை. கெட்டி டிகாஷனும் கொஞ்சம் விளக்குக் கரியும் போதும். முதுகுக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

பழைய தஞ்சாவூர் படங்களில் பெரும்பாலானவை பலாப் பலகையில் செய்தவை. பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பூச்சு, அப்புறம்தான் தங்க ரேக்கும் கல்லும் வர்ணமும். பெரிய படமென்றால் இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்துப் பின்னால் குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்கள். மரம் காயக் காய அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் பலகைகள் சேரும் இடம் நூல் அளவுக்கு விட்டுப்போயிருக்கும். அதே கோடு முன்பக்கத்தில் கிருஷ்ணனின் கன்னத்திலோ தொடையிலோ மெல்லிய விரிசலாக ஓடுகிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒத்துப்போனால் நல்ல அறிகுறி. பின்னால் பலகை வழுவழுவென்று இருக்க, முன்னால் மட்டும் படம் முழுக்க ஒரே சீராக வெடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ப்ளைவுட். நூறு வருஷப் பேச்சு அதோடு சரி. (பாதுகாப்புக்காகப் பிற்பாடு பின்னால் அடித்த ப்ளைவுட்டாகவும் இருக்கலாம். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.) பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். வண்டு வளைந்து வளைந்துதான் குடையும்; கம்பி நேராக இறங்கினால் குடைந்தது டிரில்.

“சட்டத்தைப் பாருங்க, பர்மா தேக்கு” என்பார்கள். உண்மையாகவே இருக்கும். செட்டிநாட்டில் இடித்த வீடுகளின் மரம் விலைக்குக் கிடைக்கிறது. நேற்று வரைந்த படத்துக்கும் அதில் சட்டம் போடலாம். ஆகவே சட்டத்தின் வயதைப் படத்தின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த விரற்கடை அகலத்தைப் பாருங்கள். வெளிச்சமும் புகையும் படாத அந்த இடம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். மூலைக்கு மூலை ஒரே பழுப்பு என்றால் அது தடவிய பழுப்பு.

அடுத்தது, கடைக்காரர்கள் ரசிக்காத கேள்வி. தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டைத் தாண்டிய ஓவியம் தொல்பொருள். அதை வைத்திருப்பவர் இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். “பதிவுச் சான்று இருக்கிறதா, பில்லில் வயதைப் போட்டுத் தருவீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் படத்துக்கு அந்த நிமிஷமே இருபது முப்பது வயது குறைந்துவிடும்! எண்பது வருஷப் படம் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் விலையும் எண்பதுக்குத் தகுந்தாற்போல் இறங்க வேண்டுமல்லவா? நிஜமாகவே நூறைத் தாண்டியது என்றால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பிற்பாடு கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துச்செல்லத் தடை இருக்கிறது. கோயில் வாகனத் துண்டு, தேர்ச் சிற்பம் என்று எதையாவது கூடவே காட்டினால், எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

பராமரிப்பில் எதிரி ஈரம்தான். சுண்ணப் பூச்சு ஈரத்தை இழுத்து, துணியைவிட்டு உப்பி, கடைசியில் பெயர்ந்து விழும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம். புதுச் சுவர் என்கிறீர்கள், பூச்சின் ஈரம் நன்றாகக் காயும் வரை பொறுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். நேர் வெயிலும் படக் கூடாது. ஏற்கெனவே பூச்சு உப்பியிருந்தால் நீங்களே பசை தடவாமல், அனுபவமுள்ள பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். முகத்தை “டச் அப்” செய்து தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புது முகம் வந்துவிடும், பழைய படம் போய்விடும்.

துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. தொழிலுக்கு வந்த புதிதில், தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் ஒன்றின் பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றினேன், அழுக்கு என்று நினைத்து. கண்ணாடியின் பின்புறம்தான் வர்ணமே. நகையும் கண்ணும் முதலில், பின்னணி கடைசியில் என்று தலைகீழ் வரிசையில் வரைவார்கள். ஆகவே முதலில் போனது பின்னணிப் பச்சை. துணியில் அது ஒட்டி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் படத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போதும் தண்ணீரைப் படத்தின் மேல் தெளிக்காமல், துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். ஓரத்து இடுக்கு வழியே ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் பூச்சுக்குக் கேடுதான்.

அடுத்த முறை பகல் நேரத்தில் போங்கள். மஞ்சள் பல்புக்கு அடியில் பார்க்காமல் படத்தை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச்சும் நகைக்கடை லென்ஸும் இருக்கட்டும்.