பட்டம் விடுவது எப்படி நாடுகளுக்கிடையிலான நட்பின் அடையாளமாகிறது?

நட்புக்கான பட்டம் என்பது, போட்டியின்றிப் பல நாட்டினரும் ஒரே நோக்கத்துடன் வானில் ஏற்றும் பட்டம். பனிப்போர் நீடித்த 1980களில் அமெரிக்காவில் தோன்றிய ‘ஒரே வானம், ஒரே உலகம்’ என்னும் முயற்சி, அக்டோபர் மாத இரண்டாம் ஞாயிறன்று அமைதிக்காகப் பட்டம் விடும் வழக்கத்தை உருவாக்கியது. காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது, நூலைப் பிடிக்க மொழியும் வேண்டாம் என்பதே இதன் அடிப்படை. மெரினா மணலில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்காமலே சுண்டல் பொட்டலத்தை நீட்டுவதைப் போன்றது இது. சென்னைக்கு அருகே மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் பன்னாட்டுப் பட்டத் திருவிழாவே நடந்தது. காற்றாடி என்றதும் நம் ஊரில் பலருக்கும் கழுத்தை அறுக்கும் மாஞ்சாதான் நினைவுக்கு வருகிறது (அந்த அச்சம் நியாயமானதே). ஆனால் கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் அடுத்தவர் பட்டத்தை அறுப்பதற்கானதே தவிர, பட்டம் பறப்பதற்கு அது தேவையே இல்லை.