பக்கத்து மேசை என்பதால் வந்த காதல் காதல்தானா?

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் மீது எனக்குக் காதல் வந்துவிட்டது. எனக்கு வேறு மேசை கொடுத்திருந்தால் இது வந்திருக்குமா என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. தினமும் பார்க்கிற பழக்கத்தில் வருவது உண்மையான காதலா?

வேறு மேசை கொடுத்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது. அதற்காக உங்கள் காதல் பொய்யாகிவிடாது. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழ்கிறேன். யார் யாருக்குப் பக்கத்தில் வசிக்கலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்த ஊர் இது. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை.

முதலில் ஆய்வுகள். 1930களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் போசார்ட் என்ற சமூகவியலாளர் ஃபிலடெல்ஃபியா நகரில் 5,000 திருமண உரிமங்களை எடுத்து மணமக்களின் முகவரிகளைப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடி ஐந்து தெரு தூரத்துக்குள் இருந்தவர்கள். 1950இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அது காதலைப் பற்றியதல்ல, நட்பைப் பற்றியது. பக்கத்து வீட்டாரை நண்பராகச் சொன்னது 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடி வீட்டாரைச் சொன்னது 10 சதவீதம். நடுவில் இருந்தது நாலு வாசல் தூரம்தான்.

பேச்சு கூடத் தேவையில்லை. ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் அர்த்தம் தெரியாத எழுத்துகளையும் முகங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகம் காட்டியவையே மக்களுக்குப் பிடித்துப்போயின. 1992இல் மோர்லண்ட், பீச் என்ற இருவர் நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் போகவே இல்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். யாரோடும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்து உட்கார்ந்தவரைத்தான் மாணவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். அடிக்கடி பார்த்து, தீங்கு எதுவும் நேராத முகத்திடம் மனம் தன் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகிறது.

இனி எங்கள் ஊர். ஃபெஸ்டிங்கரின் ஆய்வு வெளிவந்த அதே 1950இல்தான் தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்தது. வெள்ளையர் மற்ற இனத்தாரை மணக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய ஆண்டே சட்டம் போட்டிருந்தார்கள். தமிழரும், இங்குள்ள கறுப்பின மக்களான ஜூலுக்களும் மணந்துகொள்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையும் இருக்கவில்லை. குடியிருப்பு வேறு, பள்ளிக்கூடம் வேறு, கடற்கரை வேறு என்று பிரித்துவிட்டால் தினமும் பார்ப்பது எப்படி? மனித மனத்தைப் பற்றி அந்த அதிகாரிகளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதைக் கொடுமைக்குப் பயன்படுத்தினார்கள்.

என் அம்மாவும் அப்பாவும் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர்கள். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்த நெருக்கமான வரிசை வீடுகள் அவை. தண்ணீருக்குப் பொதுக் குழாய். அங்கே வரிசையில் நின்றுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகினார்கள். 1960களில் அந்த மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். எண் போட்ட யூனிட்டுகளில் புது வீடு. அப்பா வேலையில்லாமல் இருந்த காலத்தில் அம்மா தையல் ஃபேக்டரிக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, தினமும் காலையில் அப்பாதான் பேப்பரை வாசித்துக் காட்டுவார். குழாயடி இல்லாவிட்டால் இவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அதைக் காட்டி அந்தக் காதல் உண்மையில்லை என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் அண்ணன் மகள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரே மேசையில் வேலை செய்த ஜூலு பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் வீட்டிலிருந்து லோபோலா, அதாவது பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசம், பேச வந்தார்கள். எங்கள் முறைப்படி தாலியும் கட்டியாயிற்று. "காலம் கெட்டுப்போச்சு" என்று சொந்தக்காரர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுடைய பாட்டிக்கு நடந்ததேதான் இவளுக்கும் நடந்தது. பாட்டி காலத்தில் அந்தப் பையன் அவள் கண்ணில் படுவதற்கே வழியில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்தில் இருப்பது எப்போதும் அன்பைத்தான் வளர்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 1976இல் எப்பெசனும் சகாக்களும் கலிஃபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் விசாரித்தபோது, மக்கள் வெறுத்தவர்களும் மிகப் பக்கத்தில்தான் இருந்தார்கள். குப்பை, சத்தம், வண்டி நிறுத்துகிற இடம் என்று உரசல். முதல் நாளே பிடிக்காமல் போனவரை நூறு முறை பார்த்தாலும் பிடிக்க ஆரம்பிப்பதில்லை, வெறுப்பு கூடவும் செய்யலாம். உங்கள் ஆபீஸிலேயே யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இன்னொரு பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார். அவர் மீது காதல் வரவில்லையே!

ஆகவே எப்படி ஆரம்பித்தது என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு என்ன வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆர்தர் ஏரன் 1997இல் வெளியிட்ட சோதனையில், முன்பின் அறியாத இருவரை ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொன்னார். மேலோட்டமாகத் தொடங்கி மெல்ல மெல்ல அந்தரங்கத்துக்குப் போகும் கேள்விகள். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் வந்த நெருக்கம், சும்மா ஊர்க்கதை பேசிய ஜோடிகளுக்கு வரவில்லை. மாறி மாறி மனம் திறப்பதுதான் அங்கே வேலை செய்தது. உங்கள் இருவருக்குள் அது இருக்கிறதா? உங்கள் வீட்டுக் கவலையைச் சொன்னால் அவர் அடுத்த வாரம் ஞாபகம் வைத்துக் கேட்கிறாரா? தன் கவலையை உங்களிடம் சொல்கிறாரா? இல்லை, மேலாளரைத் திட்டுவது மட்டும்தான் உங்கள் பேச்சா?

வேலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு நாள் சந்தியுங்கள். விடுமுறையில் அவரைக் காணாத நாட்களில் உங்களுக்குக் குறைவது அவரா, பேச்சுத்துணையா என்று கவனியுங்கள். நான் பார்த்தவரை இரண்டாவதை முதலாவது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அவரே என்று தெரிந்தால் தாமதிக்காமல் நேரில் சொல்லிவிடுங்கள், ஆனால் மறுக்க வசதியாக ஒரே ஒரு முறை, ஆபீஸுக்கு வெளியே சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பக் கேட்காதீர்கள். மறுநாளும் அவர் அதே மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். உங்களுக்குத் தாங்க முடியாவிட்டால் இடம் மாற்றித் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள், அவரை மாற்றச் சொல்லாதீர்கள்.