பெயருக்கு மட்டுமா இந்தக் காசு?

கேள்வி: பிரான்ஸ் நாட்டுக் கோன்யாக்கும் நம் கடைகளில் கிடைக்கும் பிராந்தியும் ஒரே சரக்குதானே? பெயருக்கும் பாட்டிலுக்கும்தானே இத்தனை ஆயிரம் கேட்கிறார்கள்?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: இல்லை. பன்னீர் திராட்சை விளையும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் எனக்கு வருத்தம். நம் ஊரில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்தது. சிலவற்றில் திராட்சைச் சாராயமும் கலக்கிறார்கள். கோன்யாக் அப்படியல்ல. திராட்சையைத் தவிர வேறெதிலும் வடித்ததற்கு அந்தப் பெயரை வைக்கவே முடியாது. மேற்கு பிரான்ஸில் ஷரான்த் ஆற்றங்கரையில் உள்ள கோன்யாக் நகரைச் சுற்றி எந்தெந்த ஊர்கள் இதில் சேர்த்தி என்று 1909-லேயே அரசாணை போட்டு எல்லை கட்டிவிட்டார்கள்.

அங்கே பயிராவது பெரும்பாலும் யூனி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. அதன் ஒயினை வாயில் வைத்தால் பல் கூசும். ஆல்கஹாலும் 9, 10 சதவீதம்தான். ஆனால் வடிப்பதற்கு அதுதான் தோது. புளிப்பு தூக்கலாக இருப்பதால் கந்தகம் போடாமலே கெடாமல் நிற்கிறது. கந்தகம் போட்டிருந்தால் அந்த நாற்றமும் சேர்ந்தே வாலையில், அதாவது சாராயம் வடிக்கும் பாத்திரத்தில், இறங்கும்.

வாலை செம்பில் செய்தது, அடியில் நேர்த் தீ. இரண்டு முறை வடிக்க வேண்டும். முதல் வடிப்பு கலங்கலாக, 30 சதவீதம் அளவில் வரும். அதைத் திரும்ப ஊற்றிக் காய்ச்சும்போதுதான் வேலையே இருக்கிறது. முதலில் இறங்குவது மூக்கைத் துளைக்கும் நெடி, அதை ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் வருவது சப்பென்று இருக்கும்; அதையும் ஒதுக்குவார்கள். நடுவில் தண்ணீர் போலத் தெளிவாக, சுமார் 70 சதவீதத்தில் இறங்குகிறதே, அதை ‘இதயம்’ என்கிறார்கள். அது மட்டும்தான் பீப்பாய்க்குப் போகும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் சரக்கு கெட்டது. அதனால் அந்தக் காலத்தில் வடிப்பவர்கள் வாலைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பார்களாம். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் இவ்வளவும் முடிந்தாக வேண்டும். ஒரு லிட்டருக்கு எட்டு, ஒன்பது லிட்டர் ஒயின் போகிறது.

அப்புறம் காத்திருப்பு. ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 2 வருஷம் இருந்தால்தான் விற்க முடியும். பாட்டிலில் வயதைக் குறிக்கும் தர எழுத்துகள் உண்டு: வி.எஸ்.ஓ.பி. என்றால் 4 வருஷம். எக்ஸ்.ஓ.வுக்கு 6 என்று இருந்ததை 2018-இல் 10 ஆக்கினார்கள். பல வயதுச் சரக்கைக் கலந்துதான் அடைப்பார்கள்; கலவையில் இருப்பவற்றிலேயே இளையதன் வயது இது. மர இடுக்கு வழியாக வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிக் காற்றோடு போகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். அந்த ஆவியை உண்டு வளரும் ஒரு பூஞ்சை, கிடங்குச் சுவர்களிலும் கூரைகளிலும் கரி பூசியது போலப் படர்ந்திருக்கும். எங்கே சரக்கு உறங்குகிறது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். கோன்யாக் தயாரிக்கும் ஹென்னஸி நிறுவனத்தில் ஃபில்லியூ குடும்பத்தார் எட்டுத் தலைமுறையாகக் கலவை பார்க்கிறார்கள். இன்று அவர்கள் பீப்பாயில் ஊற்றுவதில் சிலவற்றைப் பேரன்தான் திறப்பான். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த வருஷங்களுக்கு.

கோன்யாக்கிலும் நிறத்துக்குக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. படிகக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து அதற்கும் சேர்த்து விலை வைப்பவர்களும் உண்டு. அந்த அளவில் உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்னொன்று: பாட்டிலில் அடைத்ததும் வயது நின்றுவிடும். பீரோவில் 20 வருஷம் பூட்டி வைத்தாலும் 4 வருஷச் சரக்கு 4 வருஷச் சரக்குதான்.

சரி, உங்கள் ஊர்க் கடையில் பிராந்தி என்று தருகிறார்களே, அந்த பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். திராட்சை என்ற சொல் எங்காவது இருக்கிறதா?