பார்ட்னர் பின்னால் வருகிறாரா?

டீமாக ஓட்டும் மவுன்டன் பைக் ரேஸ்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பாதிக் கடிதங்களில் சைக்கிளே வரவில்லை, கூட ஓட்டுகிறவர் மேல் புகார்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் என் மச்சினனும் இருவர் அணியாக ஒரு வார ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மனைவியின் தம்பி, வயதும் குறைவு, வேகமும் அதிகம். பயிற்சியில் ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் போய் நிற்கிறான். நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பிவிடுகிறான். கேட்டால், "உங்களுக்காகத்தானே அத்தான் நின்னேன்" என்கிறான். மூன்று மணி நேரத்தில் எனக்குக் காலே இல்லை. என்ன செய்யட்டும்? – ஏற்றத்தில் தனியாள்

பதில்: பையன் பொய் சொல்லவில்லை, நிற்கத்தான் நிற்கிறான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தண்ணீர் குடிக்கிறான், இதயத் துடிப்பு இறங்குகிறது, தொடை எரிச்சல் அடங்குகிறது. நீங்கள் மூச்சிரைக்க வந்து சேரும் நொடியில் அவன் பெடலை மிதிக்கிறான். அவனுக்கு ஐந்து நிமிட ஓய்வு, உங்களுக்குப் பூஜ்யம். அடுத்த ஏற்றத்தில் இடைவெளி இன்னும் கூடும், அவனுடைய ஓய்வும் கூடும். பலம் உள்ளவன் ஓய்வெடுத்துக்கொண்டே போக, ஓய்வு தேவைப்படுகிறவர் துரத்திக்கொண்டே போகிறார். மூன்றாம் நாள் நீங்கள் படுத்துவிட்டால், "அத்தானுக்குப் பயிற்சி பத்தலை" என்று உங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு வரும். அக்காள் தம்பி பக்கம்தான் நிற்பாள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதியும் அவனுக்கு எதிராகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக், இந்த வகை ரேஸ்களில் பெரிய பெயர். முதல் நாள் ஒரு குட்டிப் பந்தயம், அதன்பின் ஏழு நாள், மொத்தம் பெரும்பாலும் 600 முதல் 700 கிலோமீட்டர். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 15,000 மீட்டரை ஒட்டி வரும். அங்கே இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும், மீறினால் நேரத்தில் தண்டனை. முடிவுக் கோட்டிலும் இரண்டாவதாக வருகிறவரின் நேரம்தான் அணியின் நேரம். உச்சியில் அவன் சம்பாதித்து வைத்திருக்கும் ஐந்து நிமிடம் செல்லாக்காசு.

ஏற்றத்தில் நீங்கள் முன்னால் போக வேண்டும், அவன் உங்கள் பின்சக்கரத்தை ஒட்டி வர வேண்டும். வேகத்தை உங்கள் மூச்சு தீர்மானிக்கட்டும். பக்கத்தில் வந்து அரைச் சக்கரம் முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. அவனை அறியாமல் உங்களை இழுத்துக்கொண்டே போவான், அரை மணியில் நீங்கள் காலி. சமதளத்தில், எதிர்க்காற்றில் அவன் முன்னால் போகட்டும். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்கிறது, அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நன்றாகவே மிச்சமாகும். செங்குத்து ஏற்றத்தில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஒளிந்து பயனில்லை. அங்கே காற்று உங்களை ஒன்றும் செய்யவில்லை, உங்கள் எடைதான் செய்கிறது.

இறக்கத்தில் யாருக்குக் கை தேர்ந்திருக்கிறதோ அவர் முன்னால். ஏற்றத்தில் பறக்கிறவன் இறக்கத்திலும் கெட்டிக்காரன் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்னால் போகிறவர் "கல்லு", "இடது", "பள்ளம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னவரின் சக்கரத்தையே வெறிக்காமல், அதற்கு அப்பால் பாதையைப் பார்க்க வேண்டும். முன்னவர் விழுந்தால் அவர் மேலேயே ஏறாமல் இருக்க மூன்று, நான்கு சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள்.

இனி சுமை. பம்ப், டூல், டியூப், செயின் லிங்க் எல்லாம் அவன் பையில் இருக்கட்டும். ஒட்டியே ஓட்டும் இருவருக்கு ஒரு செட் போதும். சில ரேஸ்களில் பார்ட்னர் முதுகில் கை வைத்துத் தள்ள அனுமதி உண்டு. விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இருந்தால் கூசாமல் கேளுங்கள். என் பார்ட்னரின் ஐந்து விரலும் சேற்றில் அச்சாகப் பதிந்த ஜெர்சி ஒன்று என்னிடம் இருக்கிறது. பலமுறை துவைத்தும் கறை போகவில்லை, போகாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஜெர்மனியின் கார்ல் பிளாட்டும் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும் கேப் எபிக்கை ஐந்து ஐந்து முறை வென்றவர்கள். இருவருமே அந்த ஐந்து வெற்றிகளையும் மூன்று வெவ்வேறு பார்ட்னர்களோடு அடைந்தார்கள். கூட ஓட்டுவது தனி வித்தை, அது கால் பலத்தோடு சேர்ந்து தானாக வருவதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் மச்சினனிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிப் பாருங்கள். அத்தான் சொன்னால் கேட்காதவன் சாம்பியன் சொன்னால் கேட்பான்.

இந்த வாரம் ஒரு முழுநாள் ஓட்டத்தில் அவன் உங்களை ஏற்றத்தில் ஒருமுறைகூட முந்தக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். போரடிக்கிறது என்பான். ரேஸும் அவனுக்கு அப்படித்தான் இருக்கப்போகிறது. ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடட்டும், வேறு ஆள் தேட உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

கேள்வி: நால்வர் அணி, 24 மணி நேர ரேஸ், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுவோம். சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரவில் ஆளுக்கு ஒரு சுற்றாக மாறுவதா, இரண்டிரண்டாக ஓட்டுவதா? எங்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. – தூக்கக் கட்சி

பதில்: நானும் உங்கள் கட்சிதான். ஒற்றைச் சுற்று என்றால் நடுவில் மூன்று மணி நேரம் கிடைக்கும். கேட்க நிறையத் தோன்றும். உடை மாற்ற, சாப்பிட, சைக்கிளைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட ஒரு மணி நேரம் போய்விடும். அடுத்த முறைக்கு எழுந்து தயாராக முக்கால் மணி. மிச்சம் ஒன்றேகால் மணி நேரம், அதிலும் பக்கத்துக் கூடாரத்து ஜெனரேட்டர் உங்களைப் பாதி நேரம் தூங்க விடாது. இரட்டைச் சுற்றில் இடைவெளி ஆறு மணி நேரம். மூன்றரை, நான்கு மணி நேரம் நிஜமாகவே தூங்கலாம். இரண்டாவது சுற்று சில நிமிடம் மந்தமாகும், அதைக் காலையில் திருப்பி எடுத்துவிடலாம். பரிசுக்கு மோதும் அணிகள் இரவெல்லாம் ஒற்றைச் சுற்றிலேயே போவார்கள், ஒவ்வொரு முறையும் ஓய்ந்த காலோடு இறங்க. நீங்கள் அந்த ரகமாக இருந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

எழுந்த கையோடு சைக்கிளில் ஏறாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் இறங்குவது ஆபத்து. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடல் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்து கிடக்கும். அந்தச் சுற்றை, வீட்டிலேயே அலாரம் இல்லாமல் விடிகாலையில் எழுகிறவருக்குக் கொடுங்கள். காபியைச் சுற்றுக்கு முன்னால் குடியுங்கள். முடித்து வந்து குளிருக்கு இதமாகக் குடித்தால் தூக்கத்தை மறந்துவிடலாம், அதன் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

யார் யாரை எழுப்புவது என்பதைத் தாளில் எழுதிக் கூடாரத்தில் ஒட்டுங்கள். கோட்டில் வந்து நிற்கிறவருக்கு அடுத்த ஆள் உறக்கத்தில் இருப்பது தெரியவரும்போது எழும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அச்சில் ஏற்ற முடியாது.

கேள்வி: ஹெல்மெட்டில் நல்ல விளக்கு இருக்கிறது. ஹேண்டில்பாரிலும் ஒன்று வேண்டுமா? – ஒற்றை விளக்கு

பதில்: வேண்டும். ஹெல்மெட் விளக்கின் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது, பாதை தட்டையாகத் தோன்றும். ஹேண்டில்பார் விளக்கு தாழ்ந்து இருப்பதால் ஒவ்வொரு வேருக்கும் நிழல் விழும். பாரில் அகன்ற ஒளி, தலையில் குறுகிய ஒளி. வளைவில் பார் விளக்கு நேராகக் காட்டைக் காட்டும், தலை விளக்கு நீங்கள் திரும்பும் பக்கம் காட்டும். மூடுபனியிலும் புழுதியிலும் தலை விளக்கைக் குறையுங்கள், முகத்துக்கு முன்னால் வெள்ளைத்திரை கட்டிவிடும். ஏற்றத்தில் இரண்டையும் குறைத்து பேட்டரியை மிச்சம் பிடியுங்கள். குளிரில் பேட்டரி சொன்ன நேரத்துக்கு உழைக்காது.

கேள்வி: டீமோடு மல்லுக்கட்ட முடியவில்லை. 24 மணி நேரமும் ஒரே ஆளாக ஓட்டிவிட்டால் என்ன? – நான் மட்டும்

பதில்: உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1992ல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் கனேன்' டீம்களுக்கான ரேஸ். 1996ல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி, நால்வர் அணி என்று பதிவு செய்துவிட்டு, நான்கு பேர் ஓட்ட வேண்டியதைத் தான் ஒருவராகவே ஓட்டினார். தனியாள் பிரிவு அதற்கப்புறம்தான் வந்தது. ஆகவே நீங்கள் பெயரை மாற்றி எழுதத் தேவையில்லை. ஆனால் டீமில் சண்டை என்பதற்காகத் தனியே போகிறவர்கள் நள்ளிரவுக்குள் தங்களோடே சண்டை போட ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இருவர் அணியில் ஓட்டிப் பாருங்கள். மல்லுக்கட்ட ஒரே ஒருவர்தான் இருப்பார்.

கேள்வி: எங்கள் நால்வரில் ஒருவர் சுற்றுக்கு இருபது நிமிடம் கூடுதலாக எடுக்கிறார். நல்ல மனிதர். எப்படிச் சொல்வது? – மென்மையானவன்

பதில்: அவருக்குத் தெரியும். உங்களைவிட அவர்தான் கடிகாரத்தை அதிகம் பார்த்திருப்பார். ரேஸுக்கு முன்பே உட்கார்ந்து, பகலில் இரண்டு சுற்று, இரவில் ஒன்று என்று அவருக்குத் தோதான பங்கை அவரையே சொல்லச் சொல்லுங்கள். வரிசையை அணியே முடிவு செய்யலாம் என்ற ரேஸ்களில் இதற்குத் தடை இருக்காது. ரேஸ் நடுவில், அவர் களைத்து வந்து இறங்கும்போது பேசாதீர்கள். நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, காலை நான்கு மணிக்குக் கூடாரத்தில் அது இருபது நிமிடத்தைவிடப் பெரிய விஷயம்.

கேள்வி: ரேஸில் எனக்குப் பசியே எடுப்பதில்லை. பசிக்காதபோது ஏன் சாப்பிட வேண்டும்? – வயிறு சரியில்லை

பதில்: தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, மும்முரமாக ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். பசி தெரியும்போது தாமதமாகியிருக்கும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று ஆரம்பியுங்கள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்ததாக இருந்தால், வயிற்றைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை போகலாம். பழக்காமல் ரேஸ் அன்றைக்கு 90 வேண்டாம், புதரைத் தேடி ஓடுவீர்கள். இனிப்பு திகட்டினால் உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு. இருவர் அணி என்றால் ஒருவர் சாப்பிடும்போது மற்றவரும் வாயில் எதையாவது போட வேண்டும். திடீரென்று பார்ட்னர் பேச்சை நிறுத்திவிட்டால், கோபமா என்று கேட்காமல் முதலில் எதையாவது ஊட்டுங்கள்.

கேள்வி: முதல் சுற்றுக்கு யாரை அனுப்புவது? அணியில் வேகமானவரையா? – தொடக்கம்

பதில்: பல 24 மணி நேர ரேஸ்களில் தொடக்கத்தில் சைக்கிளை நோக்கி ஓட வேண்டும். சைக்கிள் ஷூவோடு ஓடத் தெரிந்தவர், கூட்டத்தில் முட்டி மோதத் தயங்காதவர் போகட்டும். முதல் ஒற்றையடிப் பாதைக்குள் நுழையும்போது முன்வரிசையில் இல்லாவிட்டால், எவ்வளவு வேகம் இருந்தும் யாரோ ஒருவரின் பின்னால் நகர்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

கேள்வி: 23 மணி 50 நிமிடத்துக்கு எங்கள் ஆள் வந்துவிட்டார். இன்னொரு சுற்று போக வேண்டுமா? ரேஸில் இதற்கே பத்து நிமிடம் விவாதித்தோம். – நால்வரில் ஒருவர்

பதில்: அந்தப் பத்து நிமிடம்தான் பதில். 24 மணி முடிவதற்குள் கிளம்பிய சுற்றைச் சில ரேஸ்கள் கணக்கில் சேர்க்கும், சில ரேஸ்கள் அதற்குள் முடித்தால்தான் சேர்க்கும். விதி எதுவென்று முந்தைய நாளே பாருங்கள், முதல் வகை என்றால் கடைசிச் சுற்றுக்கு ஆளையும் அப்போதே குறித்துவிடுங்கள். அவர் ஹெல்மெட்டோடு கோட்டருகில் நிற்கட்டும், பாட்டிலில் தண்ணீர் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே ஒரு உதிரி பாகம்தான் எடுத்துப்போகலாம் என்றால் எதை? – பை சின்னது

பதில்: சேறு என்றால் பிரேக் பேடு என்பேன். பிசின் கலவையில் செய்த ரெசின் பேடுகள் ஈர மண்ணில் ஒரே ரேஸில் தகடு தெரியுமளவு தேய்ந்துவிடும், உலோகத் தூளில் செய்த சின்டர்டு ரகம் நின்று உழைக்கும். காய்ந்த தரை என்றால் ஹேங்கர், பின் கியரை மாற்றும் டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் அந்தச் சிறு துண்டு. விழும்போது ஃபிரேமைக் காப்பாற்ற அது வளையும், உடையும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் என்பதால் பக்கத்து டீமிடம் கடன் கேட்க முடியாது. ஸ்ராம் நிறுவனம் 2019ல் கொண்டுவந்த பொது வடிவம் இப்போது பல ஃபிரேம்களில் வருகிறது, உங்களுடையது அதுதானா என்று கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். வாங்கும்போது அதன் போல்ட்டையும் சேர்த்து வாங்குங்கள்.