ஷூவோடு ஊர் சுற்றுங்கள்

கேள்வி: அக்டோபரில் நானும் தங்கையும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கப் போகிறோம். நடை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம் ஏறும் முன்னால் காத்மாண்டுவில் இரண்டு நாள் கையில் இருக்கிறது. மலை உயரத்துக்கு உடம்பு பழக அது உதவுமா? தமேல் கடைத்தெருவில் சாமான் வாங்குவது தவிர வேறென்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உயரத்துக்கெல்லாம் உதவாதும்மா. காத்மாண்டு 1,400 மீட்டர்தான். நம் கொடைக்கானலே 2,100 மீட்டர். உடம்பு பழகுவது அப்புறம், 3,440 மீட்டரில் நாம்சே பஜாரில் தங்கும்போதுதான்.

ஆனால் ஷூவைச் சோதித்துப் பார்க்க காத்மாண்டு நல்ல ஊர். நான் போனபோது தமேலில் பேரம் பேசிப் புது ஷூ வாங்கி, மறுநாளே லுக்லாவில் இறங்கி நடந்தேன். நாம்சே ஏற்றத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதற்கு மேல் மலையைப் பார்த்ததைவிடக் குதிகாலைப் பார்த்ததுதான் அதிகம். ஸ்லீப்பிங் பேக், கனத்த ஜாக்கெட் இரண்டும் தமேலில் வாடகைக்கே கிடைக்கும். ஷூ மட்டும் ஊரில் போட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

முதல் நாள் காலை அதை மாட்டிக்கொண்டு தமேலிலிருந்து அசன் சந்தைக்கு நடங்கள். வழியில் பாங்கேமுடாவில் சுவரோரம் ஒரு மரக்கட்டை இருக்கும். கட்டையே தெரியாத அளவுக்கு ஆணியும் காசும் அடித்திருப்பார்கள். பல்வலி சாமி! வலி போக வேண்டிக்கொண்டு அடித்தவை. அக்கம்பக்கத்திலேயே பல் டாக்டர்களின் கடைகளும் உண்டு. கண்ணாடிக்குள் பல்செட்டுகள் சிரிக்கும். யார் யாருக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அசனில் ஆறு தெருக்கள் கூடுகின்றன. மசாலா, பித்தளைச் சாமான், நெற்றியில் கயிற்றுப்பட்டை போட்டு முதுகில் மூட்டை சுமப்பவர்கள். பட்டைக்கு நம்லோ என்று பெயர். மலையிலும் அதே பட்டையைப் பார்ப்பீர்கள். அங்குள்ள அன்னபூர்ணா கோயிலில் அம்மன் முகத்தைத் தேட வேண்டாம், பூரண கலசம்தான் அம்மன். அப்படியே இந்திர சௌக் வழியாக தர்பார் சதுக்கம் போனால், 2015 நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி எழுப்பப்பட்ட காஷ்டமண்டபம் என்ற மர மண்டபம். ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

இரண்டாம் நாள் பசுபதிநாத் கோயில், பௌத்தநாத் ஸ்தூபி. பசுபதி கோயிலுக்குள் தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது.

மாலையோடு சுற்றலை முடித்துவிடுங்கள். அக்டோபர் கூட்டத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப்பிலிருந்துதான் கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து அங்கே ரோட்டில் போக நாலைந்து மணி நேரம். நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்கே வண்டி ஏற்றிவிடுவார்கள். ஏஜென்ட்டிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; ஆதாரை நம்பிப் போகாதீர்கள். கைக்கடிகாரத்தையும் 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். ராமேச்சாப் வண்டி இந்திய நேரத்துக்கு நிற்காது.